பால் பவுடருக்கு மதம் மாறியவர் அல்ல எங்கள் ஆயா

எங்கள் ஆயாவுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று, ஞானஸ்நானத்தின்போது போதகர் வைத்த வேதாகமப் பெயர். மற்றொன்று, ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் இருந்த கிராம தேவதையின் பெயர். கல்லறைச் சிலுவையில் முதல் பெயர் இருக்கிறது, இறப்புச் சான்றிதழில் இரண்டாவது. இரண்டையும் இங்கே நான் எழுதப் போவதில்லை. எங்கள் உறவில் சிலருடைய படிப்பும் வேலையும் அந்த இரண்டாவது பெயரை நம்பி இருக்கின்றன. இறந்துபோன ஒரு கூலிக்காரப் பெண்ணின் பெயரை அவருக்கான அஞ்சலியில்கூட எழுத முடியாத நிலையை உருவாக்கியது யார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அவரை நினைவுகூர என்னால் முடியவில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரியில் பிறந்து, இன்னொரு சேரிக்கு வாழ்க்கைப்பட்டவர். தாத்தா சீக்கிரமே இறந்துவிட, நடவு நட்டும் களை எடுத்தும் ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார். பள்ளிக்கூடம் போனதில்லை. வேதாகமம் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுத்துக்கூட்டப் பழகினார். வெள்ளிக்கிழமை உபவாசம், விடியற்காலை முழங்கால் ஜெபம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அது காணிக்கையாகச் சபைக்குப் போகும்.

அடக்க ஆராதனையில் அவரை ‘ஜெப வீராங்கனை’ என்றார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி வயலில் இருந்தது. நடவுக் காலத்தில் ஊர்த்தெருவிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் ஆள் வந்து கூப்பிடும். “இன்னிக்குக் கோயிலு. நாளைக்கு வரேன்” என்பார் ஆயா. மறுநாள் போனால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படிக் கஞ்சித் தண்ணியோடு கழிந்த வாரங்களை அம்மா இன்றும் சொல்வார். கூப்பிட்ட நேரத்துக்கு ஓடிவர வேண்டியவர்கள் என்று நினைத்த ஆண்டைகளிடம், வாரத்தில் ஒரு நாள் எனக்குச் சொந்தம் என்று சொல்வதற்கு அவருக்குக் கிடைத்த மொழி ஓய்வுநாள். வயலில் அவரை ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைப் பெயரோடு ‘அம்மா’ சேர்த்து அழைத்த முதல் இடம் சபை. சாதி எதிர்ப்பு பேசும் நம்மில் பலர் இத்தகைய பெண்களின் பக்தியை வெறும் மூடநம்பிக்கை என்று கடந்துபோகிறோம். அந்தப் பக்திக்குள் ஒரு மறுப்பு இருந்ததை நாம் கவனிப்பதே இல்லை.

இவர்களைத்தான் ‘பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மதம் மாறியவர்கள்’ என்று எள்ளி நகையாடுகிறார்கள். தன் பிள்ளைகளின் உலையிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்தவரிடம் போய் என்ன வாங்கினாய் என்று கேட்கிறார்கள்.

உண்மையில் மதம் மாறியவர்கள் இழந்ததுதான் அதிகம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ‘கிறித்தவத்தில்தான் சாதி இல்லையே, பிறகு எதற்கு இடஒதுக்கீடு?’ என்று கேட்பவர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். சீக்கியமும் பௌத்தமும் சாதியை ஏற்கின்றனவா? அங்கே மதத்தின் கொள்கையைப் பார்க்காமல் மனிதரின் நிலைமையைப் பார்த்த சட்டம், எங்களிடம் வரும்போது மட்டும் கொள்கையைப் பார்க்கிறது.

சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்துப் பிழைத்த சூசை, அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் அவருடைய வழக்கு தள்ளுபடியானது. அவர் செய்துவந்த தொழிலே நீதிமன்றத்துக்கு ஆதாரமாகத் தெரியவில்லை.

ஆதாரத்துக்கா பஞ்சம்? ஒரே கர்த்தரை வணங்குகிறவர்களுக்குத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இங்கே உண்டு. எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் 2008இல் சொந்த மதத்தின் சாதிக் கிறித்தவர்களாலேயே தாக்கப்பட்டார்கள். திருச்சபை தலித் மக்களிடம் காணிக்கை வாங்கத் தயங்கியதில்லை. சமமான இருக்கை தருவதற்குத்தான் தயங்குகிறது.

என் அம்மா எனக்கு ஒரே பெயர் வைத்தார், அதுவும் வேதாகமப் பெயர். ஆகவே என்னிடம் இருப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு நான் விண்ணப்பிக்க முடியாது. ஆனால் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால், ஊர்ப் பெயரைச் சொன்னதும் ‘காலனிப் பக்கமா?’ என்கிறார்கள். ஞானஸ்நானம் ஆகிவிட்டதா என்று எந்த வீட்டுக்காரரும் கேட்டதில்லை.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறித்தவராகிவிட்ட ஒரு போதகர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று சொல்லிவிட்டது. சாதியைச் சொல்லித் திட்டுகிறவன் மதச் சான்றிதழைக் கேட்டுவிட்டா திட்டுகிறான்? நம்பிக்கையா உரிமையா, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று ஏழைகளை நிறுத்திவிட்டு, இரண்டையும் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் வைத்துக்கொண்ட இன்னொரு பெயரை மோசடி என்பது என்ன நீதி?

ஆயா இரண்டு பெயரோடு வாழ்ந்தது யாரையும் ஏமாற்றுவதற்கு அல்ல. ஒரு பெயரில் ஜெபித்தார், இன்னொரு பெயரில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். தாயாக அவர் செய்ததும் விசுவாசியாக அவர் செய்ததும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொண்டார். அந்தச் சுமையைச் சட்டம்தான் அவர் தலையில் ஏற்றியது.

மதப் பாகுபாடு காட்டும் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி 2007இலேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்காகத் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசோ 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைத்து, இரண்டு ஆண்டுக் கெடு முடிந்ததும் காலநீட்டிப்பு கொடுத்தது. இன்னும் எத்தனை ஆணையங்கள்?

நம் இயக்கங்கள் இதைக் கிறித்தவர்களின் பிரச்சினை என்று ஒதுக்கக் கூடாது. இது சாதி ஒழிப்புப் பிரச்சினை. திருச்சபைகளும் ஆண்டுக்கொரு கறுப்பு நாள் அனுசரித்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. அரசிடம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்கிறவர்கள், தங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரையும் இடித்தாக வேண்டும்.