கூரைமேல் நின்றவளின் சாட்சியம்

பிலிப்பைன்ஸில் மரியா கிளாரா என்பது ஓர் உடையின் பெயரும்கூட. ஹொசே ரிசால் 1887இல் வெளியிட்ட 'நோலி மே தாங்ஹெரே' நாவலின் நாயகியை அடக்கத்தின் அளவுகோலாக்கி, கடைசியில் துணியாகவும் தைத்துவிட்டார்கள். 1956இல் ரிசாலின் நாவல்களைப் பாடமாக்கிச் சட்டம் வந்தபின் எல்லா மாணவிகளும் அவளைப் படித்தாக வேண்டும். இந்த வழிபாட்டை எதிர்த்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் கார்மென் கெரேரோ நக்பில். பிலிப்பினோப் பெண்ணுக்கு நேர்ந்த பெருங்கேடாகவே அவர் மரியா கிளாராவைக் கண்டார்.

வழிபட்டவர்கள், வெறுத்தவர்கள் இரு தரப்போடும் எனக்கு வழக்கு உண்டு. அழுகிறாள், மயங்கி விழுகிறாள் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் காதலன் இபாராவின் கடிதத்தைப் பாதிரியார் சால்வியிடம் அவள் ஏன் கொடுத்தாள்? இறந்துபோன தாயின் கடிதங்கள் அவர் கையில் இருந்தன. தன்னைப் பெற்றவர் பாதிரியார் தாமாசோ என்ற உண்மை அவற்றில் இருந்தது. தாயின் மானமா, காதலா என்று ஒரு பெண்ணை நிறுத்தி மிரட்டியவரை விட்டுவிட்டு, மிரட்டப்பட்டவளைக் கோழை என்பது என்ன நியாயம்? இபாரா இறந்ததாக நம்பியபோது, தனக்கு நிச்சயித்த திருமணத்தை அவள் மறுத்தாள். கன்னிமாடம், இல்லையேல் சாவு என்று தாமாசோவிடமே சொன்னாள்.

பிறகு முடிவுரை. புயல் இரவில் சாந்தா கிளாரா மடத்தின் கூரைமேல் ஒரு பெண்ணுருவம் தெரிகிறது. மறுநாள் அரசின் பிரதிநிதி வருகிறார். நனைந்து கிழிந்த அங்கியோடு ஒரு கன்னியாஸ்திரி அவரிடம் அடைக்கலம் கேட்டுக் கதறுகிறாள். மடத்தலைவி 'பைத்தியம்' என்கிறார். அதிகாரி போய்விடுகிறார். ரிசால் அவள் பெயரைச் சொல்வதில்லை, வாசகருக்குத் தெரியும். அவள் கொடுமைகளை வெளிப்படுத்தினாள் என்று எழுதுகிறார். என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. ரிசால்மீது என் கோபம் இதற்குத்தான். அடுத்த நாவலில் காதலன் மடத்தை உடைத்து அவளை மீட்கத் திட்டமிடுகிறான். அதற்குள் அவள் இறந்துவிட்டாள் என்ற செய்தி வருகிறது. அங்கும் அவளுக்குப் பேச இடமில்லை.

நாவல் வெளியான மறு ஆண்டு, 1888 டிசம்பரில், மாலோலோஸ் ஊரின் இருபது பெண்கள் ஸ்பானிய மொழி கற்க இரவுப் பள்ளி கேட்டு கவர்னர் ஜெனரல் வெய்லரிடம் மனுக் கொடுத்தார்கள். பாதிரியார் எதிர்த்தார். அவர்கள் விடவில்லை, பள்ளி வந்தது. 1889இல் ரிசால் அவர்களைப் பாராட்டித் தகாலோக் மொழியில் நீண்ட கடிதம் எழுதினார். மரியா கிளாராவும் ஆட்சியாளரிடம் மனுக் கொடுத்தவள்தான். ஆனால் தனியாக, மூடிய மதிலுக்குள் நின்று கொடுத்தாள்.

அவளைப் பொம்மை என்று சொல்லும்போது மடத்தலைவியின் தீர்ப்பில் நாமும் கையெழுத்திடுகிறோம். முறையிட்ட பெண்ணுக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிட்டால், முறையீட்டை விசாரிக்க வேண்டியதில்லை அல்லவா? தோழியரே, நாவலை இன்னொரு முறை முடிவுரையிலிருந்து தொடங்கிப் படியுங்கள். அந்த அதிகாரி கேட்காமல் போனதை நாமாவது கேட்போம்.