குழல் போச்சு என்று சொல்லாதீர்கள்

போன மாதம் என் பழைய என்.சி.சி. மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது அவருக்கே ஐம்பது வயது. மகள் கல்லூரியில் படிக்கிறாள், 50 மீட்டர் ரைபிள் சுடுகிறாள். அவளுக்காகக் கடன் வாங்கி, முறைப்படி லைசென்ஸில் ஏற்றி, பழைய அன்ஷூட்ஸ் .22 ஒன்றை வாங்கியிருக்கிறார். சுட்டால் தோட்டா கண்டபடி போகிறது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு போனாராம். அவர் குழலை வெளிச்சத்துக்கு நேரே ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "குழல் போச்சு சார், புதுசு மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார். புதுக் குழலின் விலையைச் சொல்லும்போது என் மாணவருக்குக் குரல் கம்மியது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுக்கை எடுக்காமல் குழலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, சேற்றில் புரண்ட மாட்டைப் பார்த்து அதன் நிறத்தைச் சொல்வது மாதிரி.

.22 தோட்டாவில் இருப்பது மெத்தென்ற ஈயக் குண்டு. எடை சுமார் 2.6 கிராம். பெரிய துப்பாக்கிக் குண்டுக்கு இருப்பதுபோல் அதற்குச் செப்பு உறை கிடையாது. மேலே மெழுகோ கிரீஸோ தடவியிருப்பார்கள். சுடச் சுடக் குழலுக்குள் தங்குவது கரி, மெழுகு, கொஞ்சம் ஈயம். இவை எஃகைத் தின்பவை அல்ல. ஒழுங்காக வைத்திருந்தால் ஒரு .22 குழல் பல்லாயிரம் தோட்டாக்களைச் சீரணித்துவிட்டு இன்னும் கேட்கும். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் அது வேறு விஷயம். ஆனால் அந்தக் குழியும் சுத்தம் செய்த பிறகுதானே கண்ணுக்குத் தெரியும்?

உண்மையில் .22 குழலைக் கொல்வது பெரும்பாலும் சுத்தம் செய்கிறேன் என்று வருகிற கை. துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கும் இரும்புக் கம்பியை முன் முனையிலிருந்து உள்ளே விட்டு இடிப்பார்கள். குண்டு குழலைவிட்டுப் போகும்போது கடைசியாகத் தொடும் இடம் அந்த முனையின் விளிம்பு. அது ஒரு பக்கமாகத் தேய்ந்தால், பின்னால் வரும் புகையும் காற்றும் குண்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். அதற்கு மருந்தில்லை, முனையை வெட்டித் திரும்பக் கடைய வேண்டும்.

இன்னொரு கூட்டம் கொதிநீர் ஊற்றும். நாங்களும் .303க்கு ஊற்றினோம், மறுக்கவில்லை. அந்தக் காலத்து .303 தோட்டாவின் கேப் சுட்ட பிறகு குழலில் உப்பை விட்டுவிட்டுப் போகும். உப்பைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் .22 தோட்டாவில் அந்த உப்பு இல்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது. செப்பை எடுக்கும் திரவம் என்று ஒரு புட்டியை விற்கிறார்களே, செப்பே படாத குழலில் அது எதை எடுக்கும்?

எல்லாவற்றிலும் மோசம், வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்று என்கிற கைவைத்தியம். ஈயம் கரையும், உண்மைதான். கரைந்து வருவது உடம்புக்குள் போனால் விஷம். எஃகும் துருப்பிடிக்கும். அதை வீட்டுச் சமையலறைத் தொட்டியில் கொட்டியவரை எனக்குத் தெரியும். பேரக்குழந்தைகள் இருக்கிற வீடு.

"கழுவவே கூடாது, அழுக்குக் குழல்தான் நேராகச் சுடும்" என்பவர்களையும் விட மாட்டேன். அதில் பாதி உண்மை. கழுவிய குழல் முதல் சில தோட்டாக்களைச் சிதறடிக்கும். மெழுகு மறுபடி படிந்த பிறகே நிலைக்கு வரும். அதற்காகப் பல வருஷம் கழுவாமல் விட்டால், தோட்டா உட்காரும் அறைக்குச் சற்று முன்னால் கரி கல் மாதிரி இறுகி ஒரு வளையமாக நின்றுவிடும். அன்ஷூட்ஸுக்கு நேர்ந்ததும் அதுதான்.

கிளப்பின் ஆயுத அறையிலேயே, அப்பாவும் மகளும் கூட இருக்க, நான்கு மாலை உட்கார்ந்தோம். போல்ட்டைக் கழற்றி, அறை காலிதானா என்று மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்தோம். போல்ட் இருந்த இடத்தில் வழிகாட்டிக் குழாய் ஒன்றைச் செருகி, மேலுறை போட்ட ஒற்றைக் கம்பியைப் பின்பக்கமிருந்துதான் விட்டோம். கரி கரைக்கும் திரவத்தைத் தடவி, இரவு முழுக்க ஊறவிட்டோம். இதில் நாங்கள் செய்த வேலை பாதி, காத்திருத்தல் பாதி. முதல் நாள் துணி தார் மாதிரி வந்தது. இரண்டாம் நாள் வெண்கலப் பிரஷ் போட்டபோது கரிக்குள் வெள்ளித் தூள்போல ஈயம் மின்னியது. மூன்றாம் நாள் வளையம் உடைந்து செதில் செதிலாக வந்தது. அந்தப் பெண், "தாத்தா, இது என்ன கடுகா?" என்று கேட்டாள். கையைத் தொடாதே, போய்ச் சோப்புப் போட்டுக் கழுவு என்று விரட்டினேன்.

நான்காம் நாள் பார்த்தால் புரிகள் கூர்மையாக, நேற்றுக் கடைந்தது போல இருந்தன. நடுவில் பொட்டு மாதிரி ஒரு துரு, அவ்வளவுதான். துணி வெள்ளையாக வரும்வரை தேய்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். .22இல் துணி வெள்ளையாக வராதம்மா, சாம்பல் நிறம் வந்தால் போதும் என்று நிறுத்தினேன்.

மறுநாள் முதல் பத்துத் தோட்டா சிதறியது. அப்பா முகம் சுருங்கியது. "இன்னும் போடு" என்றேன். மூன்றாவது பத்து ஒரு நெல்லிக்காய்க்குள் அடங்கியது.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இதை அவர்கிட்டே காட்டிட்டு வரட்டுமா?" என்றார் என் மாணவர். "காட்டு. துப்பாக்கியைக் கொண்டு போகாதே, மறுபடி கம்பியை விட்டுவிடப் போகிறார்" என்றேன்.