"கூடாது" என்றால் கூடாதுதான்!

ஒருவன் சொந்தப் பேரன். இன்னொருவன் பக்கத்து வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரும் மல்லுக்கு நிற்கிறார்கள். நீங்கள் யார் பக்கம் பேசுவீர்கள்? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள் பார்க்கலாம்!

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் என் மகள் வீடு. பள்ளிக்கூட விடுமுறை சமயம், அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகளுக்குக் காவல் நான். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பொம்மை வீரர்கள்! ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும். பேரன் அதுகளுக்கு மெல்லிய தூரிகையால் கண், மீசை எல்லாம் வரைந்து வைத்திருக்கிறான். 1987-ல் வெளிவந்த 'வார்ஹேமர் 40,000' என்ற பொம்மைப் போர் விளையாட்டு உலகப் பிரசித்தம். அந்தக் கம்பெனியின் தலைமையகம் இந்த ஊரில்தான். அதனால் இங்கே தெருவுக்குத் தெரு இந்தப் பைத்தியம். அதே ஜாதியில் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ விளையாட்டுக்கள். ஆளுக்குப் பத்துப் பொம்மைகளோடு ஆடும் சின்னச் சண்டை ஒன்றுதான் அன்றைக்கு நடந்தது.

அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "ஏமாத்தறான் பாட்டி!" என்று ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பையன் முகம் சிவந்து, தன் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறான். அவனும் என்னைப் 'பாட்டி' என்றுதான் கூப்பிடுவான். "இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேன் பாட்டி" என்கிறான். இரண்டு வருஷச் சிநேகிதம்!

விஷயம் இதுதான். பேரனுடைய தலைவன் பொம்மைக்கு ஒரு சலுகை: பகடை தவறினால் ஒரு தடவை மறுபடி உருட்டலாம். எதிர்த் தலைவனுக்கு ஒரு தடை: அவனுக்கு 3 அங்குலத்துக்குள் நிற்கும் எதிரி மறுபடி உருட்டக் கூடாது. பேரன் உருட்டினான், தவறியது. மறுபடி எடுத்தான் பகடையை. வந்தது சண்டை!

எனக்கு அந்த விளையாட்டு தெரியாதுதான். ஆனால் வழக்குத் தீர்க்கத் தெரியாதா? நாலு பிள்ளைகள் இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் இரண்டு விதிகளையும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். 'எனக்கு ஞாபகம் இருக்கிறது' என்பது சாட்சியாகாது. பாதிச் சண்டை இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, அந்தத் தடை இங்கே செல்லுமா? 3 அங்குலத்துக்குள் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். பேரன் தலைக்குத் தலை அளந்து "மூணுக்கு மேலே" என்றான். எங்கிருந்து அளப்பது என்று புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன். பொம்மை நிற்கிற வட்டத் தட்டின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு என்று போட்டிருந்தது. டேப் வைத்தோம். முக்கால் அங்குலம் குறைவாகவே இருந்தது!

மூன்றாவது, 'லாம்' என்று ஒரு விதி, 'கூடாது' என்று ஒரு விதி. இரண்டும் மோதினால்? பொது விதியைவிடத் தனி விதி பெரிது, 'செய்யலாம்' என்பதைவிடக் 'கூடாது' பெரிது என்று பல விளையாட்டுக்களில் வழக்கம். நம் வீட்டில் இல்லையா? "பிறந்த நாளுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்கிறார் அப்பா. "தொண்டை ஆறும்வரை கூடாது" என்கிறார் டாக்டர். எது ஜெயிக்கும்? அதேதான்!

ஆக, தீர்ப்பு என் பேரனுக்கு எதிராகப் போயிற்று. அவன் கண்ணில் நீர் முட்டியது. மூன்று வாரம் வர்ணம் தீட்டிய பொம்மையாயிற்றே! எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. விட்டுக்கொடுத்திருந்தால் பொம்மை பிழைத்திருக்கும், சிநேகிதன் போயிருப்பான்.

இந்த மாதிரித் தகராறு ஒன்றும் புதுசில்லை. எச்.ஜி. வெல்ஸ் என்ற பெரிய எழுத்தாளர் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மைப் போருக்கே புத்தகம் போட்டார். கைகலப்பில் ஆளுக்கு ஆள் சாவு என்றுதான் முதலில் வைத்தார். அப்புறம் பார்த்தால், பெரும்படை நடுவே மாட்டிக்கொண்ட நாலு பேர்கூட எதிரியில் நாலு பேரைக் கொண்டுபோகிறார்கள்! இது நியாயமா? அதனால் தனித்து மாட்டிய கூட்டத்தை அதைப்போல் இரண்டு மடங்கு பேர் வந்து தொட்டால் அவர்கள் கைதிகள் என்று மாற்றினார். உடனே 'தனித்து' என்றால் என்ன என்ற கேள்வி! ஒரு நகர்வு தூரத்துக்குள் தன் கட்சியார் அந்தக் கூட்டத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால் தனித்து என்று அதற்கும் கணக்கு வைத்தார். காலாட்படைக்கு ஒரு நகர்வு ஓர் அடி, குதிரைக்கு இரண்டு அடி. பார்த்தீர்களா? ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது. வார்த்தைக்கு அர்த்தம் முன்கூட்டியே பேசி வைப்பதுதான் மருந்து.

இன்னும் இரண்டு யோசனைகள். இரண்டு விதி ஒரே நேரத்தில் வந்தால், யாருடைய முறை நடக்கிறதோ அவரே எது முதல் என்று சொல்லட்டும். வார்ஹேமரில் அப்படித்தான். எப்படியும் தீராவிட்டால் ஒரு பகடை: 1, 2, 3 விழுந்தால் உன் பேச்சு, 4, 5, 6 விழுந்தால் என் பேச்சு. ஆட்டத்தைத் தொடருங்கள், முடிந்தபிறகு நிதானமாகப் புத்தகம் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சந்தேகத்தைப் பகடை உருட்டும் முன்னே கேட்பது. விழுந்தபிறகு கேட்டால் யாருக்கும் நியாயம் கண்ணில் படாது, லாபம்தான் படும். பெரியவர்கள் சொத்துப் பிரிக்கும்போதும் இதே கதைதானே!

அரை மணி கழித்து ரசம் சாதம் இரண்டு தட்டு கேட்டு வந்தார்கள், இருவரும் சேர்ந்து. ஒன்பது வயசுப் பேத்தி இத்தனை நேரமும் ஓரமாக நின்றவள், "எனக்கு எல்லா ரூலும் தெரியும் பாட்டி, என்னைத்தான் சேத்துக்கறதேயில்ல" என்றாள். அந்த 1913-ஆம் வருஷப் புத்தகத்தின் நீண்ட தலைப்பிலேயே புத்திசாலிப் பெண்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார் வெல்ஸ். இங்கே இல்லாமல் போகுமா? அன்றையிலிருந்து அவள்தான் நடுவர். டேப்பும் புத்தகமும் அவள் கையில்.

உங்கள் வீட்டில் தாயமோ, கேரமோ, எதுவானாலும் இதைச் செய்து பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்!