வவுச்சர் எங்கே?

போன மாதம் என் தம்பி மகன் கூரத்துக்கு வந்திருந்தான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தங்கை கல்யாணத்துக்கென்று இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறான். அதைப் பங்குகளில் போட யோசனை.

"பெரியப்பா, ஆயிரம் பேர் இருக்கிற ஒரு குழுவில சேரச் சொல்றாங்க. இன்னொருத்தன், பணம் கட்டி ஆராய்ச்சி அறிக்கை வாங்கிப் படிங்கிறான். எதுல சேரட்டும்?" என்றான்.

மூன்று வருஷத்தில் தேவைப்படும் கல்யாணப் பணத்தைப் பங்கில் போடுவதே சரியில்லை என்று முதலில் சண்டை போட்டேன். பாதியை அஞ்சலகத்தில் போட ஒப்புக்கொண்டான். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அவனுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு ஒரு வகையில்தான் உண்டு: நான் ஏமாந்தவன். வேலையில் இருந்தவரை பங்குச் சந்தைப் பக்கம் போனதில்லை. அரசு ஊழியர் பங்குகளில் ஊக வணிகம் செய்யக் கூடாது என்று நடத்தை விதிகளில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு பழைய சகா ஒருவர் என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டார். தினமும் காலையில் ஒரு பெயர் வரும். ஒரு சின்ன நிறுவனத்தின் பங்கில் அறுபதாயிரம் போட்டேன். பத்து நாள் ஏறியது. பிறகு தினமும் லோயர் சர்க்யூட். விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. இன்று அதன் மதிப்பு நாலாயிரத்துச் சொச்சம்.

பணம் போனதைவிட இன்றும் உறுத்துவது வேறு. ஏறிக்கொண்டிருந்த அந்தப் பத்து நாளில் குழுவில் ஒருவர், "நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறார்களே, ஏன்?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் அவரை நீக்கிவிட்டார்கள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பில் பாஸ் செய்தவன் நான். வவுச்சர் இல்லாத ஏழு ரூபாய் தபால் செலவைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது வரலாற்று வாத்தியார் ஜான் லாவின் கதையைச் சொல்வார். 1719-ல் அவர் தன் கம்பெனியோடு கிழக்கிந்திய வாணிபத்தையும் சேர்த்துப் பெரிய இந்தியக் கம்பெனியாக்கினார். புதுச்சேரியே அந்தக் கம்பெனியின் கையில்தான் இருந்தது. ஆரம்பத்தில் 500 லிவ்ர் இருந்த பங்கு அந்த வருஷக் கடைசிக்குள் பத்தாயிரம் அளவுக்குப் போனது. பாரீசில் கேங்காம்புவா என்ற குறுகலான தெருவில் பிரபுவும் வேலைக்காரனும் முண்டியடித்துக்கொண்டு வாங்கினார்கள். ஒரு கூனர் தன் முதுகை எழுதுபலகையாக வாடகைக்கு விட்டே சம்பாதித்தார் என்பார்கள். அடுத்த வருஷமே எல்லாம் சரிந்தது, லா நாட்டைவிட்டு ஓடினார். அவருடைய தம்பி மகன்தான் பிற்பாடு புதுச்சேரி கவர்னராக இருந்த லா த லொரிஸ்தோன். பிரெஞ்சில் பூர்ஸ் என்றால் பங்குச் சந்தை. பணப்பை என்றும் பொருள். படிப்பு உதவித்தொகைக்கும் அதே சொல்தான். எனக்குக் கிடைத்தது அந்த மூன்றாவது மட்டும்.

அந்தத் தெருதான் இன்று கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. 2022-ல் சாத்னா பிராட்காஸ்ட் என்ற நிறுவனத்தைப் பற்றி யூடியூபில் பொய்ச் செய்திகளைப் பரப்பி விலையை ஏற்றி, சிறு முதலீட்டாளர்கள் வாங்க வந்ததும் விற்றுவிட்டார்கள் என்று சொல்லி 2023 மார்ச்சில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. படித்தபோது என் அறுபதாயிரம் ஞாபகம் வந்தது.

அப்படியென்றால் கூட்டத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் போதுமா? எனக்கும் கொஞ்ச காலம் அந்த எண்ணம் இருந்தது. சத்யம் கம்ப்யூட்டர்ஸை நினைத்துப் பாருங்கள். ஆண்டறிக்கை பளபளவென்று இருந்தது. தணிக்கையாளர் கையெழுத்தும் இருந்தது. ஆனால் 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார்: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது. பணம் கட்டிப் படித்த அறிக்கையிலும் அதே பொய் எண்தான் இருந்திருக்கும். அதற்கு மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பரில், ராஜு குடும்பத்தின் மேட்டாஸ் நிறுவனங்களைச் சத்யம் பணத்தில் வாங்கப் பார்த்தபோது கூச்சல் போட்டுச் சில மணி நேரத்தில் நிறுத்த வைத்தவர்கள் முதலீட்டாளர்கள். அங்கே கூட்டம் உபயோகப்பட்டது. கூட்டம் கேள்வி கேட்கும்போது அதன் பக்கத்தில் இருக்கலாம். ஒரு பெயரைச் சொல்லி "வாங்கு" என்னும்போது எழுந்து வந்துவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. எல்லோரும் தேர்தலைப் பற்றித்தான் பேசுவார்கள். என் குமாஸ்தாக் கண்ணுக்குப் பட்டது வேறு விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே உறவினர் வரைக்கும் யோசித்திருக்கிறார்கள்! (வயது 35 முதல் 70 வரை என்பதால் எனக்கும் இப்போது அங்கே இடமில்லை.)

தம்பி மகனிடம் சொன்னது இதுதான். முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய். ஆண்டறிக்கை பங்குச் சந்தைகளின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஸ்கிரீனர் போன்ற தளத்தில் பல வருஷத்து எண்களை வரிசையாகப் பார்க்கலாம். லாபம் என்று எழுதியது ரொக்கமாக வந்ததா, நிறுவனர்களின் பங்கு அடமானத்தில் இருக்கிறதா, தணிக்கையாளர் முணுமுணுத்திருக்கிறாரா என்று பார். புரியாததை எழுதி வைத்துக்கொண்டு அதைக் கேட்க மட்டும் குழுவுக்குப் போ. சந்தேகம் கேட்டவனை வெளியே தள்ளும் குழுவென்றால் நீயே கிளம்பிவிடு. பணம் கட்டித்தான் ஆலோசனை வாங்க வேண்டும் என்றால் அவருடைய செபி பதிவு எண்ணைக் கேட்டு, செபி தளத்தில் அது அவருடையதுதானா என்று சரிபார். ஆராய்ச்சியாளர் என்றால் அது ஐ.என்.எச். என்று தொடங்கும்.

"இதெல்லாம் பார்க்க ஒரு மாசம் ஆகுமே, அதுக்குள்ள விலை ஏறிடும் பெரியப்பா" என்றான். ஏறட்டும் என்றேன்.

நேற்று மறுபடி வந்தான். கைப்பேசியில் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். எழுத்து பொடிப் பொடியாக இருந்ததால் அவன் படிக்க, நான் கேட்டேன். கடன்காரர்கள் பட்டியல் வந்ததும் நிறுத்தினான். "என்ன பெரியப்பா இது, விற்ற சரக்குக்குப் பாதிப் பணம் ஆறு மாசமா வரவே இல்லையே?"

இன்னும் அவன் வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு வேறொரு அறிக்கையோடு வருகிறானாம்.