அப்பாவின் காது

மீனாட்சிசுந்தரம் (1913–1968) என்கிற கணிதக்காரரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னை லயோலாவில் படித்தவர். ஃபூரியே தொடர்களில் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கியும் வேலையில்லை. டியூஷன் எடுத்துப் பிழைத்தார். பிரெஞ்சுப் பாதிரியார் ரசின் கைகொடுத்தார். அப்புறம் வால்டேர், பிரின்ஸ்டன். 1949இல் சுவீடன்காரர் பிளெய்ஜெலோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் பெயர் நிற்கிறது: ஒரு பரப்பு வளைந்ததாகவே இருக்கட்டும், அதன் அதிர்வெண்கள் தெரிந்தால் அளவைச் சொல்லிவிடலாம். அப்படியானால் மேளத்தின் சத்தத்தை வைத்தே வடிவத்தையும் சொல்லலாமா என்று 1966இல் மார்க் காட்ஸ் கேட்டார். முடியாது என்று 1992இல் மூன்று பேர் நிரூபித்தார்கள்.

எங்கப்பா சாவுவீட்டுக்கு வெளியே வைக்கோல் கொளுத்திப் பறை காய்ச்சுவார். விரலால் ஒரு தட்டு. "தோலு இன்னும் எறங்கிக் கெடக்கு, காட்டுடா" என்பார். அந்தக் காதை எந்தக் கல்லூரி கணக்கில் எடுத்தது? அந்த வேலைக்கு இனிப் போகாதே என்று நாம் சொன்னது சரிதான். ஆனால் நான் கணிதம் கேட்டு நின்றபோது ஒருவர், "உங்காளுங்களுக்கு இது எதுக்குப்பா, வரலாறு எடு" என்றார். எடுத்தேன். இன்று வங்கியில் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறேன்.

இந்த வருசம் கணிதத்துக்கு மனுப் போடுகிற தம்பி தங்கைகளே, யாராவது அப்படிச் சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு ரோமன் ரோலண்ட் நூலக வாசலில் இருப்பேன். சேர்ந்தே போய்க் கேட்போம்.