இரண்டாம் முறை இழுக்கும் முன்

தளர்ந்த முகத்தை இழுத்துத் தூக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை செய்துகொண்ட முகமும் தளரும். அறுவை முகத்தைச் சில ஆண்டுகள் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கிருந்து வயது மீண்டும் தன் வழக்கமான வேகத்தில் நடக்கிறது. முதலில் கழுத்தும் தாடை ஓரமும் தொய்கின்றன, பிறகு கன்னம் இறங்குகிறது. திரும்பவும் மருத்துவரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் வருகிறார்கள். முதல் அறுவை தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அதைச் செய்துகொள்ளாமல் இருந்திருந்தால் இதே வயதில் முகம் இன்னும் தளர்ந்திருக்கும். ஆனாலும் இரண்டாம் முறை வருகிறவர் கேட்பது அநேகமாக "இன்னொரு தடவை இழுத்துவிடலாமா" என்பதுதான். பல முகங்களுக்கு அது தவறான கேள்வி. எந்த அடுக்கு தளர்ந்தது, எது வற்றியது, முன்பு எது வெட்டப்பட்டது என்று பார்த்த பிறகே எதைச் செய்யலாம் என்பது தெரியவரும்.

முதல் அறுவை எந்த வகை என்பது இங்கே மிக முக்கியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1901-ஐ ஒட்டி பெர்லினில் ஓய்கன் ஹோலண்டரும், அதன் பின் பாரிஸில் சூசான் நோயலும் செய்தவை தோலை மட்டும் வெட்டி இழுத்துத் தைத்தவை. தோல் மீள்தன்மை கொண்டது என்பதால் அந்த இழுப்பு நெடுநாள் நிற்கவில்லை. ஸ்வீடனின் டோர்ட் ஸ்கூக் 1970-களில் தோலுக்கு அடியிலுள்ள அடுக்கையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் அந்த அடுக்கைத் தெளிவாக விவரித்தார்கள். முகத்தசைகளைப் போர்த்தியிருக்கும் அந்த நார்ப்படலத்தை இன்று உலகம் முழுக்க 'ஸ்மாஸ்' என்கிறார்கள். 1990-இல் அமெரிக்காவின் சாம் ஹாம்ரா அதற்கும் கீழே புகுந்து, முகத்தை எலும்போடு கட்டியிருக்கும் தசைநார்களை விடுவித்துத் தூக்கும் 'டீப் பிளேன்' முறையை எழுதினார். முதல் முறை தோலை மட்டும் இழுத்திருந்தால் ஆழ அடுக்கு தொடப்படாமல் இருக்கும். இரண்டாம் அறுவைக்கு அது நல்ல வாய்ப்பு. ஆழ அடுக்கு ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தால் அங்கே தழும்பு இருக்கும், வேலை கடினமாகும். ஆகவே பழைய அறுவைக் குறிப்பும் அறுவைக்கு முன் எடுத்த படங்களும் கையில் இருக்க வேண்டும். துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை பார்த்த காலத்தில் செய்துகொண்டு ஊர் திரும்பியவர்கள் குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் போன்ற வளைகுடாத் தொடர்புள்ள ஊர்களில் இருக்கக்கூடும். அந்தக் காகிதங்களை அந்த மருத்துவமனை மூடுவதற்கு முன்பே கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் முகத்தோலைச் சீரமைத்த கதை செல்வந்தர் வீட்டோடு முடிவதில்லை. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை அறுவையால் திருத்தத் தொடங்கினார். பின்னர் வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் நிலையத்திலும் அந்தப் பணி முகத்துக்கும் விரிந்தது. நோய் குணமான பிறகும் சரிந்த மூக்கும் முடி உதிர்ந்த புருவமும் அந்த மனிதரை ஊருக்குள் விடவில்லை. உச்சந்தலைத் தோலை ரத்தக் குழாயோடு கொண்டுவந்து புருவம் வைத்தார்கள். மூக்கின் உட்புறத்தில் தோல் ஒட்டி அதை எழுப்பினார்கள். தடித்த முடிச்சுகள் வற்றும்போது தோலின் மீள்நார்கள் அழிந்து, நாற்பது வயதுக்காரரின் முகம் எழுபது வயதுபோல் சுருங்கும். அப்படிப்பட்ட தளர்ந்த தோலை அகற்றி இழுப்பதும் தொழுநோய்ச் சீரமைப்பு அறுவைகளில் ஒன்றாக நூல்களில் இடம்பெற்றது. முகத்தை இளமையாக்கும் ஆசையை வெறும் பகட்டு என்று தள்ளுகிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மீள்நார் போன தோலை எவ்வளவு இழுத்தாலும் அது மறுபடி தொய்யும் என்ற பாடமும் இதில் இருக்கிறது. வெயிலால் மீள்நார் சிதைந்த தோலுக்கும் இதே விதிதான்.

முகம் மூப்படைவது நான்கு அடுக்குகளில் நடக்கிறது. மேலே தோல். அரபிக்கடலோரத்தில் மணலும் நீரும் திருப்பி வீசும் வெயிலில் ஆண்டுக்கணக்காக நின்ற தோல் நிழலில் இருந்த தோலைவிட முன்பே முதிரும். அதன் கீழே கொழுப்பு. முகக்கொழுப்பு ஒரே படலமாக இல்லை, தனித்தனி அறைகளாக இருக்கிறது என்பதை ரோரிச், பெஸ்ஸா ஆகியோர் 2007-இல் காட்டினார்கள். வயதாகும்போது ஆழத்திலுள்ள கன்ன அறைகள் வற்றுகின்றன, தாடையோர அறைகள் தொங்குகின்றன. மூன்றாவது, தாங்கிப் பிடிக்கும் தசைநார்களின் தளர்வு. நான்காவது எலும்பு: கண்குழி அகலமாகிறது, மேல்தாடை பின்வாங்குகிறது, கீழ்த்தாடை மெலிகிறது. பல் போனவர்களுக்குத் தாடையெலும்பு இன்னும் வேகமாகத் தேயும். பல்வரிசை இழந்து வாய் உள்வாங்கிய ஒருவருக்கு நல்ல பல்செட்டோ பொருத்திய பல்லோ தரும் மாற்றத்தை எந்த இழுப்பும் தராது. அழகு மருத்துவர்கள் இதை முதலில் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

முதல் அறுவைக்குப் பத்தாண்டு கழித்து வரும் முகத்தில் தொய்வு மட்டும் இருப்பதில்லை. பழைய வேலையின் தடங்களும் இருக்கும். காதின் முன்னும் பின்னும் தழும்பு அகன்றிருக்கும். கிருதா முடி மேலே ஏறி, காதுக்கு முன் வெற்றுத்தோல் தெரியும். காதுச் சோணை கீழ்நோக்கி இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். தோலைப் பக்கவாட்டில் மட்டும் இழுத்திருந்தால் வாயோரத்திலிருந்து காதை நோக்கி வரிகள் ஓடும். எதிர்க்காற்றில் நிற்பவர் முகம் போன்ற அந்தச் சாயல் எதிரே நிற்பவருக்கு உடனே கண்ணில் படும். காது இங்கே தனிக் கவனம் கேட்கிறது. காது வளர்த்துப் பாம்படம் அணிந்து, பின்னாளில் அந்தத் துளையை வெட்டித் தைத்துக்கொண்ட மூத்த பெண்கள் தென்மாவட்டங்களில் இருந்தார்கள். அப்படி ஒருமுறை தைத்த சோணையில் தையல் பளு விழுந்தால் அது மறுபடி நீளும். ஆகவே இரண்டாம் அறுவையின் பாதி வேலை இந்தத் தடங்களைத் திருத்துவது: தழும்பை வெட்டி எடுத்துப் புதிதாகத் தைப்பது, சோணையை விடுவித்து மேலே வைப்பது, முடிக்கோட்டை இனியும் நகர்த்தாமல் கீறலை அதன் ஓரமாகவே கொண்டுபோவது.

கத்தி இல்லாத வழிகளில் மிகவும் மலிவானது தோலைப் பார்த்துக்கொள்வது. எஸ்பிஎஃப் 30-க்கு மேற்பட்ட வெயில் காப்புக் களிம்பு, இரவில் மருத்துவர் சொன்ன அளவில் டிரெட்டினாயின் களிம்பு, தொப்பி, குடை. மாதக்கணக்கில் பொறுத்தால் நுண்சுருக்கமும் திட்டும் குறையும். சிவப்பழகு தரும் என்று விற்கப்படும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை நெடுநாள் பூசியவர்களின் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரியும் நிலையில் இருக்கும். அவர்கள் எந்தச் சிகிச்சைக்கும் முன் அதை நிறுத்தித் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். லேசரும் ரசாயன உரிப்பும் தோலின் மேற்பரப்பைப் புதுப்பிப்பவை. வெள்ளைத்தோலுக்கு எழுதப்பட்ட அளவுகளை மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அப்படியே வைத்தால் சுட்ட இடம் கறுத்துவிடும். 1975-இல் ஃபிட்ஸ்பேட்ரிக் தொடங்கிவைத்த தோல்வகை அளவுகோலில் தமிழர் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவார்கள். குறைந்த ஆற்றலில், இடைவெளி விட்டுப் புள்ளிப்புள்ளியாகச் சுடும் முறையே இங்கே ஏற்றது. அதுவும் மழைக்காலத்தில், வெயிலில் வேலை இல்லாத நாட்களில்.

போட்டாக்ஸ் அசையும் வரிகளுக்கு மட்டுமே உதவும். புருவ நடுவிலும் கண்ணோரத்திலும் நெற்றியிலும் போடப்படும் அந்த ஊசியின் பலன் மூன்று நான்கு மாதம். கழுத்தில் கயிறுபோல் துருத்தும் தசைப்பட்டைகளையும் அது கொஞ்சம் அடக்கும். தொங்கும் தோலை அது தூக்காது.

வற்றிய இடத்தை நிரப்ப இரண்டு வழிகள். ஒன்று ஹயலுரானிக் அமில ஃபில்லர். பிடிக்காவிட்டால் ஹயலுரானிடேஸ் ஊசியால் கரைத்துவிட முடிவது அதன் பெரிய நன்மை. ஓராண்டில் கரைந்துபோகும் என்று சொல்லி விற்றாலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்பது எம்ஆர்ஐ படங்களில் தெரிந்திருக்கிறது. தளர்ந்த முகத்தைத் தூக்குவதற்காக மேலும் மேலும் நிரப்பினால் முகம் ஊதிப்போகும், இளமை வராது. ஊசி தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அரிதாகக் கண்பார்வையே போகலாம். ஆகவே இதை அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திருக்கும், முக உடற்கூறு படித்த மருத்துவரிடம் மட்டுமே போக வேண்டும். கரையாத சிலிக்கோன் போன்றவற்றைத் தொடவே கூடாது. இரண்டாவது வழி சொந்தக் கொழுப்பு. வயிற்றிலோ தொடையிலோ எடுத்து, சுத்தம் செய்து, நுண்துளிகளாகக் கன்னத்திலும் கண்ணின் கீழும் வைக்கிறார்கள். அதில் ஒரு பகுதி சில மாதங்களில் கரையும், மீதி நிலைக்கும். எவ்வளவு நிலைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடல் எடை கூடினால் அதுவும் பருக்கும். முன்பு தோல் நன்றாக இழுபட்டு, ஆனால் முகம் ஒட்டிப்போய் இருப்பவர்களுக்குப் பல நேரம் இது ஒன்றே போதும். சர்க்கரை நோய்க்கோ எடைக்கோ புதிய ஊசிகள் போட்டு வேகமாக மெலிந்தவர்கள், எடை சில மாதம் ஒரே நிலையில் நின்ற பிறகே முகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தோலுக்கடியில் முள்நூல் கோத்து இழுப்பதும், அல்ட்ராசவுண்ட், ரேடியோ அலைச் சூட்டால் தோலை இறுக்குவதும் மிகுதியாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. நூலின் தூக்கல் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. சூட்டுக் கருவிகள் லேசான தளர்வுக்கு மட்டும் லேசான பலன் தரும். அளவு மீறினால் ஏற்கெனவே வற்றிய கொழுப்பை இன்னும் கரைத்துவிடும். இரண்டுமே அடியில் நார்த்தழும்பை விட்டுச்செல்லக்கூடும். அறுவைக்கு எப்படியும் போகப்போகிற முகத்தில் இவற்றுக்குச் செலவழிப்பது, பின்னால் வரும் மருத்துவரின் வேலையைக் கடினமாக்கத்தான் உதவும்.

தாடையும் கழுத்தும் உண்மையிலேயே தொங்கினால் அறுவைதான் வழி. இரண்டாம் ஃபேஸ்லிஃப்டில் தோலை இழுப்பது குறைவு, அடியடுக்கைத் தூக்குவது அதிகம். தூக்கும் திசையும் காதை நோக்கி அல்லாமல் மேல்நோக்கி இருக்கும். வெட்டி எறியும் தோல் முதல் முறையைவிடக் குறைவு. தாராளமாக வெட்டினால் அடுத்த திருத்தத்துக்குத் தோலே மிஞ்சாது. ஒருமுறை தூக்கி வைத்த தோலுக்கு ரத்த ஓட்டம் சற்று மேம்பட்டிருப்பது ஒரு சாதகம். பாதகம் பெரியது: அடுக்குகள் தழும்பால் ஒட்டியிருக்கும், ஸ்மாஸ் மெலிந்திருக்கும், முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் எதிர்பார்த்த ஆழத்தில் இல்லாமல் மேலே வந்திருக்கலாம். கழுத்து மட்டும் தளர்ந்திருந்தால் மோவாய்க்கடியில் சிறு கீறல் போட்டு, தசைப்பட்டைகளை நடுவில் சேர்த்துத் தைப்பது போதுமானதாகலாம். மேலிமை கண்ணை மூடுவதுபோல் தொங்கினால் இமை அறுவை, புருவமே இறங்கியிருந்தால் புருவம் தூக்கல், மேலுதடு நீண்டிருந்தால் மூக்கடியில் சிறு வெட்டு. வேறுவேறு இடம், வேறுவேறு வேலை. ஒன்றைச் செய்யாமல் விட்டால் மற்றொன்று அதை ஈடுகட்டாது. இமையின் குறையைக் கன்னத்தை இழுத்துத் தீர்க்கப் பார்த்த முகங்கள்தான் பெரும்பாலும் விகாரமாகின்றன.

அறுவைக்குப் போகிறவர் முதல் முறையைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால் தோலடியில் ரத்தம் கட்டும். அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் நடக்கும், உடனே திறந்து எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை கூடியிருந்தால் காயம் ஆறாது. பீடி, சிகரெட், புகையிலை எதுவானாலும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிக் காதோரத் தோலைக் கருகவைக்கும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை இதய மருத்துவரைக் கேட்காமல் தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. காதருகே ஓடும் உணர்வு நரம்புதான் இந்த அறுவையில் அதிகம் அடிபடுவது. சோணை மரத்துப்போனால் மாதக்கணக்கில் இருக்கலாம். முகவாதம் நிரந்தரமாக வருவது அரிது, ஆனால் இரண்டாம் முறையில் அந்தக் கவலை கூடுதல். விடுப்பு முடிகிறதே என்று அறுவை முடிந்த சில நாட்களிலேயே விமானம் ஏறுகிறவர்கள் ஆபத்தான நேரத்தில் மருத்துவரை விட்டு விலகிப் போகிறார்கள். தையல் பிரிக்கும்வரை அறுவை செய்தவர் கையெட்டும் தூரத்தில் தங்க வேண்டும். அந்த மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஹெச் போன்ற முறையான பட்டம் பெற்றவரா, இரண்டாம் முறை முகங்களைத் தொடர்ந்து செய்கிறவரா, மயக்க மருத்துவரும் அவசர வசதியும் உள்ள மருத்துவமனையா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தேங்காய்ப்பட்டணத்துக்காரர்களுக்கு நாகர்கோவிலைப் போலவே திருவனந்தபுரமும் எட்டும் தூரம். இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்க இரண்டு இடத்துக்கும் போய் வரலாம்.

செலவு முழுவதும் கைக்காசு. மருத்துவக் காப்பீடு அழகு அறுவைக்குப் பணம் தராது. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம், விபத்து இவற்றால் கெட்ட உறுப்பைச் சீரமைக்கும் அறுவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அழகுக்காகச் செய்வதற்கு இல்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் மயக்க மருந்து, அறை, திருத்த அறுவை ஆகியவற்றுக்கு யார் பணம் தருவது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

ஐந்து முதல் பத்து நாட்களில் தையல் பிரிப்பார்கள். கன்றிய நிறமும் வீக்கமும் வெளியே போய்வரும் அளவுக்கு வற்ற இரண்டு மூன்று வாரம் ஆகும். கடலோர வெயிலில் புதுத்தழும்பு சீக்கிரம் கறுக்கும், அதனால் முந்தானையோ துண்டோ காதை மூடியிருக்கட்டும். தழும்பு தடித்து வளரும் குணம் உள்ளவர்கள் அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தழும்பு சிவப்பு மாறி மெலிய ஓராண்டு பிடிக்கும். அதுவரை இடதும் வலதும் ஒன்றுபோல் இல்லை என்று கண்ணாடியில் அளந்து, திருத்தம் கேட்டு ஓடுவதில் பயனில்லை. நல்ல மருத்துவர் ஓராண்டுக்குள் மறுபடி கத்தி எடுக்கமாட்டார்.