அது சூரியனா, இல்லையா?



எக்ஸ் கதிரைப் பார்க்கும் தொலைநோக்கியை மலை உச்சியில் வைக்காமல் ஏன் விண்வெளிக்கு அனுப்புறாங்கன்னு போன வாரம் டீச்சர் கேட்டாங்க. "இருங்க டீச்சர், யோசிச்சு சொல்றேன்" என்றேன். எல்லாரும் சிரிச்சாங்க. டக்குன்னு சொல்றவங்கதான் அறிவாளியாம்! நான் ஒத்துக்க மாட்டேன்.

யாராவது ரகசியமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று பார்க்க அமெரிக்கா வேலா என்ற செயற்கைக்கோள்களை அனுப்பியிருந்தது. 1967 ஜூலை 2-இல் அவற்றில் காமாக் கதிர் திடீரென்று எகிறி அடங்கியது. அணுகுண்டு மாதிரி இல்லை. அப்போ சூரியனா? சூரியனும் சில நேரம் சுடர் விட்டு எக்ஸ் கதிர், காமாக் கதிரை வீசும். ஆனால் அன்றைக்குச் சூரியச் சுடர் எதுவும் பதிவாகவில்லை. உடனே "கண்டுபிடிச்சுட்டோம்"னு கத்தியிருக்கலாம். கத்தவில்லை. நேரத்தை இன்னும் துல்லியமாக அளக்கும் செயற்கைக்கோள்கள் மேலே போகும்வரை பொறுத்திருந்தார்கள்.

நேரம் எதுக்கு? நம்ம ஹைவேயில் லாரி டயர் வெடித்தால் ரோட்டோரத்து வீட்டுக்கு முதலில் கேட்கும், உள்ளே தள்ளி இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் பின்னாடிதான் கேட்கும். யாருக்கு முதலில் கேட்டதுன்னு தெரிஞ்சா சத்தம் எந்தப் பக்கம்னு சொல்லிடலாம். அதே கணக்குதான். 16 வெடிப்புகள் சூரியன் பக்கமிருந்தும் வரவில்லை, பூமியிலிருந்தும் வரவில்லை என்று உறுதியான பிறகு, 1973-இல்தான் வெளியே சொன்னார்கள். ஆறு வருஷம்!

அத்திப்பள்ளி தாண்டி நம்ம பக்கத்துப் பெங்களூரில் உருவான அஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-இல் பறந்தது. அதிலுள்ள ஒரு கருவி அக்டோபர் 6-இல் வேலை தொடங்கிய முதல் நாளே ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பிடித்தது. இப்பவும் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. பெரும்பாலும் சூரியச் சுடர் மெதுவாக அடங்கும், ஆற்றல் குறைவு. காமாக் கதிர் வெடிப்பு பல நேரம் சில நொடிதான். ஆனால் நிமிஷக்கணக்கில் நீளும் வெடிப்பும் உண்டு. அதனால் ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது. எனக்குப் பிடித்த சோதனை, செயற்கைக்கோள் அப்போ பூமியின் நிழலில் இருந்ததா என்பது. இருந்தால் அது சூரியன் இல்லை! பகலில் இருந்தால் மற்ற செயற்கைக்கோள்களின் பதிவையும் கேட்க வேண்டும்.

"அட, சூரியன்தானா"ன்னு ஒதுக்கினாலும் அது வீண் இல்லை. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து, 2023 செப்டம்பர் 2-இல் அனுப்பிய ஆதித்யா எல்-1 அந்தச் சுடருக்காகத்தான் காத்திருக்கிறது.

டீச்சர், யோசிச்சுட்டேன். எக்ஸ் கதிரைக் காற்று மண்டலம் வழியிலேயே விழுங்கிடும், மலை உச்சிக்குக்கூட வராது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஜூஜுவாடி